சோதனை, த/பெ சோதனை

உண்ணாமலை செத்துப்போயிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. செத்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி நிலையத்தில் தனிப் படிவமே உண்டு. நீல நிறம், மூன்று பிரதி, பதிவாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போனவர்கள் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு, "அப்படி யாரும் இதுவரைக்கும் வந்து கேட்டதில்லையே" என்று பதில் சொன்னார்கள். கேட்டவள் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு புள்ளியால் வந்த வினை. புள்ளி என்றால் கோலப் புள்ளி அளவுகூட இல்லை, கடுகில் பாதி. அதைப் பிடிக்க அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோடு போய், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கும் கடைகளையெல்லாம் தாண்டினால், கிரிவலப் பாதை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மூலக்கூறு மெய்யறி நிலையம் இருக்கிறது. நாலு மாடி, நாற்பது குழு, ஒரே ஓர் இயந்திரம். இயந்திரம் ஆள் உயரத்துக்கு மேல், பால் பண்ணை டாங்கு மாதிரி நிற்கும். உள்ளே பெரிய காந்தம். செடிச் சாற்றையோ மருந்தையோ மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி உள்ளே இறக்கினால், அதிலுள்ள அணுக்கள் முனகுவதை அது உட்கார்ந்து கேட்கும். கேட்டதைக் கணினித் திரையில் ஒரு சதுரப் படமாகப் போடும். படத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி விழுந்தால், இன்ன அணுவும் இன்ன அணுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அர்த்தம். அதே புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கமும், கண்ணாடியில் பார்த்தாற்போல, விழ வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் விழும்.

எங்கே ஒழுங்காக இருந்தது? இந்தப் படம் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. வரி வரியாகச் சேர்த்து, காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முடியும். நடுவில் சாலையில் ஒரு பஸ் போகும், ஏ.சி. ஒரு தடவை இருமும், இயந்திரம் ஒரு மயிரிழை நடுங்கும். அந்த நடுக்கமெல்லாம் படத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கி நிற்கும். இதற்குத்தான் இரைச்சல் என்று பேர். யார் காதிலும் விழாத இரைச்சல். பௌர்ணமி சமயத்தில் எடுத்த படங்களில் இந்தக் கோடுகளைப் பார்க்கவே உண்ணாமலைக்குப் பயமாக இருக்கும். முகமில்லாத யாரோ வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பதுபோல் தெரியும்.

"பயப்படாதீங்க மேடம், நம்ம ஜனந்தான்" என்பான் காசி. இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன்தான். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். "லச்சக் கணக்குல செருப்பு இல்லாம நடக்குறாங்க. தரை சும்மா இருக்குமா? பௌர்ணமின்னா கோடு ஜாஸ்தி. மத்த நாள்ல கம்மி."

உண்ணாமலையின் புள்ளி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. அவள் அப்பா தசரதனுடைய நிலத்தில் ஒரு வருஷம் மல்லாட்டை முழுக்க வேர் அழுகிப் போயிற்று. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, அந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வரப்போரமாக நாலே நாலு செடி மட்டும் ஒன்றும் ஆகாமல் பச்சையாக நின்றது. அந்த வேரில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆறு வருஷம். கடைசியில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தாள். அதன் அமைப்பு இதுதான் என்று சொல்வதற்கு எல்லாப் புள்ளிகளும் கிடைத்துவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பக்கம், அது விழ வேண்டிய இடத்தில் சரியாக ஓர் இரைச்சல் கோடு இறங்கி, அதை விழுங்கி, அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டிருந்தது. அந்தப் புள்ளி அங்கே இருக்கிறது என்று நிரூபித்தால் அவளுக்கு முனைவர் பட்டம், கீழ்பென்னாத்தூருக்கு வேர் அழுகலுக்கு ஒரு மருந்து. நிரூபிக்காவிட்டால் ஆறு வருஷமும் சாக்கடையில்.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க?" என்றான் காசி. "பௌர்ணமிய வுட்டுடலாம். சனி ஞாயிறு வுட்டுடலாம். ஏ.சி.ய ஒரே நெலையில வச்சி, நாலு நாள் நாலு தடவ எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா சேத்தா, கோடு கரஞ்சிடும், புள்ளி நின்னுடும். நாலு நாளு மெஷின் வேணும்னு எழுதிக் குடுங்க, போதும்."

அவளும் எழுதிக் கொடுத்தாள். பொருள்: இரைச்சலைக் குறைக்க நான்கு நாள் கேட்டல் தொடர்பாக. அதுதான் அவள் செய்த தப்பு. இயக்குநர் முனைவர் அருணகிரி எந்தக் கடிதத்திலும் பொருள் என்ற வரிக்குக் கீழே இறங்கிப் போகிறவர் அல்லர். அந்த வரியிலும் இரண்டாவது வார்த்தைக்கு மேல் போகவில்லை.

மறுநாளே இரைச்சல் ஒழிப்புக் குழு அமைந்தது. வாட்ச்மேன் பரசுராமனிடமிருந்து விசிலைப் பிடுங்கினார்கள். காண்டீனில் தோசைக் கல்லைக் கரண்டியால் சுரண்டக் கூடாது என்று உத்தரவு வந்து, தோசை கல்லிலேயே கிடந்து கருகியது. ஆபீஸ் மணியைத் துணியால் சுற்றினார்கள். கொலுசு போட்ட பெண்கள் வாசலில் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை அமைதி காக்கவும் என்று பலகை மாட்ட, மூன்று நாள் சுவரில் டிரில்லிங் மெஷின் ஓடியது.

தொடக்க விழாவுக்கு நாதஸ்வரமும் தவிலும் வந்தன. இயந்திர அறை வாசலில் ரிப்பன். "சார், கத்தரிக்கோல் இரும்பு சார், காந்தத்தாண்ட கொண்டு போவாதீங்க" என்று காசி சொல்லிக்கொண்டே இருந்தான், தவில் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ரிப்பனை வெட்டின கையோடு இயக்குநர் ஓர் அடி உள்ளே வைத்தார். கத்தரிக்கோல் அவர் கையை உதறிவிட்டுப் பறந்துபோய் டாங்கின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இயந்திரம் மரியாதையை ஏற்றுக்கொண்டது என்று நிலையத்தின் செய்திமடலில் போட்டார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நெலயத்துல இரைச்சல் இருக்குதுன்னு ஒரு பொண்ணு எழுதிக் குடுத்திருக்கு. எனக்கு மனசே சரியில்ல. நான் வந்து பதினோரு வருஷம் ஆவுது. இந்தப் பதினோரு வருஷத்துல இங்க ஒருத்தர்கூட வாயத் தொறந்ததில்ல. அப்படி இருக்கச்சொல்ல இரைச்சல் எங்கருந்து வந்துது? இது நமக்குள்ள இருந்து வந்த இரைச்சல் கெடயாது. வெளியிலருந்து வந்தது. கண்டுபிடிச்சித் தொடச்சி எடுக்காம நான் ஓய மாட்டேன்."

உண்ணாமலை விழா முடிந்ததும் அவரைப் பிடித்து, சார் இது காதால் கேட்கிற இரைச்சல் இல்லை, படத்தில் விழுகிற கோடு என்று மூச்சு வாங்க விளக்கினாள். அவர் பெரிய மனதோடு கேட்டுக்கொண்டு, படத்தைக் காட்டச் சொன்னார். காசி திரையில் படத்தைத் திறந்தான். மேல் மூலையில் ஒரு பட்டன் இருந்தது. அது என்ன என்று இயக்குநர் கேட்டார்.

"அது ஒப்புச்சீர் பட்டன் சார். சாய்கோட்டுக்கு ரெண்டு பக்கத்தையும் ஒத்துப் பாக்கும். ரெண்டு பக்கமும் இருந்தா வச்சிக்கும். ஒரு பக்கந்தான் இருக்குதுன்னா இரைச்சல்னு தொடச்சிடும். ரொம்ப யூஸ் பண்ணக் கூடாது சார், நல்லதையும் சேத்துத் தொடச்சிடும்."

அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பட்டனா?" என்றார். "பதினோரு வருஷமா நான் இதக் கையாலதான பண்ணிக்கிட்டு இருந்தேன்!"

அவரே அமுக்கினார். கோடுகள் மறைந்தன, படம் துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. உண்ணாமலையின் புள்ளியும் மறைந்தது. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பதிலாக, இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புதுப் புள்ளி, குண்டாக, மை மாதிரிக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இரைச்சல் கோடும் அந்தப் பக்கம் இன்னோர் இரைச்சல் கோடும், கண்ணாடியில் பார்த்தாற்போல, தற்செயலாக அமைந்துவிட்ட இடம் அது. இரைச்சல் இரண்டு பக்கமும் இருந்ததால், பட்டன் அதை மெய் என்று நினைத்து விட்டுவிட்டது.

"பேய்ப்புள்ளி" என்றான் காசி, வாய்க்குள்ளேயே. இயந்திரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

"சார், அது பேய்ப்புள்ளி. அங்க எந்த அணுவும் கெடயாது. என்னோடது காணாம போயிடுச்சி சார்" என்றாள் உண்ணாமலை.

இயக்குநர் அன்போடு சிரித்தார். "பேய்னா இன்னாம்மா? இது ரெண்டு பக்கமும் நல்லா தெரியுது. உன்னுது ஒரு பக்கந்தான் தெரிஞ்சிது. நீயே சொல்லு, எது பேய்?"

அவர் அதோடு விட்டிருந்தால் ஒரு புள்ளியோடு போயிருக்கும். நல்ல யோசனை வந்துவிட்டால் அவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்கிறவர் அல்லர். அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. நிலையத்தின் எல்லாப் பதிவேடுகளும் ஒப்புச்சீர் செய்யப்படும். ஆய்வகப் பதிவேட்டிலும் அலுவலகப் பதிவேட்டிலும் இருப்பது மெய். ஏதேனும் ஒன்றில் மட்டும் காணப்படுவது இரைச்சல் எனக் கருதி நீக்கப்படும். கீழே பதிவாளர் புகழேந்தியின் கையெழுத்து. காகிதத்தில் இல்லாதது எதையும் அந்த மனிதர் கண்ணால் பார்த்ததில்லை, வீட்டில் பெண்டாட்டியையாவது பார்த்தாரா என்பது சந்தேகம்.

இரண்டாம் மாடிக் கழிப்பறை ஒரு பதிவேட்டில்தான் இருந்தது. அதனால் அப்படி ஓர் அறை இல்லை என்று முடிவாகி, கதவின்மேல் குறுக்கே பலகை அடித்தார்கள். அடித்த பிறகும் உள்ளே யாரோ தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்று குழு எழுதிக்கொண்டது. பெருக்குகிற வெள்ளையம்மாளின் பெயரும் ஒரு பக்கம்தான் இருந்தது. அந்த அம்மாள் மறுநாளும் வந்து பெருக்கினாள். ஒருவரும் காலைத் தூக்கி வழி விடவில்லை, பேசவில்லை, அவள் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் விளக்குமாறு மட்டும் நடைபாதையில் சாய்ந்து நின்றது.

அதற்கடுத்த நாள் காலை உண்ணாமலை அடையாள அட்டையை வாசலில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

காரணம் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும். திருவண்ணாமலைக் கோயில் அம்மன் பேர் உண்ணாமுலை. தசரதன் வேண்டிக்கொண்டு பெற்ற பெண்ணுக்கு அந்தப் பேரையே வைத்தார், பிறப்புச் சான்றிதழிலும் அதுதான். ஆறாம் வகுப்பில் பையன்கள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், இவள் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்று அழுதாள். டீச்சர் சுழியைத் தட்டிவிட்டு உண்ணாமலை என்று எழுதினார். ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்தக் கதைதான். ஆய்வகப் பதிவேட்டில் உண்ணாமலை. அலுவலகப் பதிவேட்டில், சான்றிதழ்படி, உண்ணாமுலை. பட்டன் பார்த்தது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் அவள் இல்லை. அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் அவள் இல்லை. இரண்டு பேரையும் துடைத்துவிட்டது.

"நேத்து வரிக்கும் நீங்க இருந்தீங்கம்மா, எனக்குத் தெரியும்" என்றார் பரசுராமன். விசில் இல்லாததால் சும்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "இன்னிக்கி நீங்க இல்ல. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேத்து யோசிக்கறதுக்கு எனக்கு ஆர்டர் இல்ல. பார்வையாளர்னு எழுதி உள்ள வுடறேன், போங்க."

மேலே போனாள். அவளுடைய மேஜையில் வேறு பெயர்ப்பலகை இருந்தது. சோ. சோதனை, ஆய்வு மாணவி.

இந்தச் சோதனை யார் என்றால், யாருமில்லை. பதிவேடுகளைக் கணினியில் ஏற்றின கம்பெனிக்காரன், மென்பொருள் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பொய்ப் பெயரைத் தட்டிப் பார்த்தான். பெயர்: சோதனை. தந்தை பெயர்: சோதனை. ஊர்: சோதனை. பாலினத்தில் பெண் என்று ஏதோ ஒன்றை அமுக்கினான். ஆய்வகக் கணினியில் ஒரு தடவை, அலுவலகக் கணினியில் ஒரு தடவை, எழுத்து பிசகாமல். அழிக்க மறந்துவிட்டுப் போனான். ஒப்புச்சீர் செய்தபோது மொத்த நிலையத்திலும் இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தி நின்ற ஒரே ஆய்வு மாணவி அவள்தான். கேட்பாரற்றுக் கிடந்த உண்ணாமலையின் மேஜையும் கணினியும் கோப்புகளும் ஆறு வருஷத்து ஆராய்ச்சியும் அவள் பேருக்கு மாற்றப்பட்டன.

முதலில் உண்ணாமலைக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது என்னடா சோதனை என்று வாய்விட்டுச் சொல்லி, சொன்ன பிறகு திக்கென்று ஆகி நிறுத்திக்கொண்டாள்.

காண்டீனிலிருந்து ஆள் வந்து மேஜைமேல் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான். இவளைப் பார்க்கவில்லை. "அது எனக்கா?" என்று கேட்டாள். அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் போய் அப்பாவுக்கு போன் போடலாமா என்று நின்று யோசித்துவிட்டுத் திரும்பினால், டம்ளர் காலி. அடியில் இரண்டு சொட்டு மிச்சம், விளிம்பில் ஆவி. அறையில் அவளைத் தவிர யாருமில்லை.

அடுத்த நாள் தன் ஆய்வுக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். அவள் கடைசியாக எழுதின பக்கத்துக்கு அப்புறமும் எழுதியிருந்தது. ஏழு பக்கம். அவள் கையெழுத்துதான், அதே ழகரச் சுழிப்பு, அதே பச்சை மை. எழுத்துகள் மட்டும் இடவலம் மாறியிருந்தன. கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எதிரே பிடித்துப் படித்தாள். அவள் அடுத்து எழுத நினைத்து வைத்திருந்ததெல்லாம் அதில் வரி பிசகாமல் இருந்தது. புள்ளியின் இடம் மட்டும் வேறு. கறுத்த குண்டுப் புள்ளி.

ஓடிப்போய்க் காசியிடம் காட்டினாள். அவன் குறிப்பேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க மேடம்" என்றான்.

"யாரு?"

"சோதனைதான். வாயே தொறக்காதாம். டைரக்டர் மீட்டிங்ல சொன்னாரு, இந்த மாதிரி ஒரு ஸ்டூடண்ட நான் பாத்ததே இல்லன்னு."

"பாத்ததே இல்லன்னு தான காசி சொல்றாரு! யாருமே பாத்ததில்லயே! நீயாவது எழுந்து சொல்லக் கூடாதா?"

"இந்த மாசம் எனக்கு ரினீவல் மேடம்." காசி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் வயிற்றில் கத்தரிக்கோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "என் பேரு ரெண்டு பக்கமும் இருக்குதான்னு நேத்துதான் போயி பாத்துட்டு வந்தேன். கொல நடுங்கிப் போச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் குரலில் இருந்த பயம் அவளையும் தொற்றிக்கொண்டது.

பதிவாளர் புகழேந்தியிடம் போனாள். அவர் காற்றைப் பார்ப்பதுபோல் இவளைப் பார்த்து, பேச்சை மட்டும் ஒழுங்காகப் பேசினார். வழி உண்டாம். உண்ணாமலையும் உண்ணாமுலையும் ஒருவரே என்று ஒரு சான்று கொண்டுவந்தால் போதுமாம். நாலு நாள் அலைந்து, பெரிய முத்திரையோடு சான்று வாங்கிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் மேலும் கீழும் படித்தார்.

"இதுல ஒரு கையெழுத்துதான இருக்குது?"

"நான் ஒருத்திதான சார்."

"சான்று ரெண்டு பேரப் பத்தினது. உண்ணாமலை போட்டிருக்காங்க, சரி. உண்ணாமுலை எங்க? ரெண்டு பேரும் நேர்ல வந்து என் முன்னால போடணும். ரூல் அது."

"ரெண்டு பேரும் ஒருத்தர்னுதான் சார் அந்தச் சான்றே சொல்லுது."

"அதத்தான் நானும் கேக்கறேன். அவங்களும் வந்து ஒத்துக்கட்டும்."

உண்ணாமலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புகழேந்தி இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சோதனையோட ஆய்வேடு ரெடி. வர்ற வெள்ளிக்கிழம காலையில வாய்மொழித் தேர்வு, வெளியூர்லருந்து தேர்வாளர் வர்றாரு. அந்தப் பொண்ணுக்கு எல்லா தகுதியும் இருக்குது, ஆளுதான் இல்ல. உங்களுக்கு ஆளு இருக்குது, மத்தது ஒண்ணும் இல்ல. சோதனைன்னு கூப்பிட்டா எழுந்து நில்லுங்க. அவ்வளவுதான். பட்டம் வந்துடும்."

"அதுல புள்ளி தப்பான எடத்துல இருக்குது சார். அந்த மருந்த அடிச்சா ஒரு செடியும் பொழைக்காது."

"நிக்கறவங்க நீங்கதான? நின்னு பேசச்சொல்ல திருத்திச் சொல்லிடுங்க."

அன்று மத்தியானம் அப்பா போன் செய்தார்.

"எப்பிடி கீற கண்ணு? சாப்ட்டியா? பேனருக்குச் சொல்லிட்டேன். முனைவர் உண்ணாமலைன்னு பெருசா. பஸ் ஸ்டாண்டாண்ட கட்டப்போறேன். அந்தப் பேர வச்சதுக்கு எத்தினி பேரு சிரிச்சானுங்க, வந்து பாக்கட்டும்."

"சரிப்பா" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் உடைந்திருப்பாள். போனை வைத்துவிட்டு, பலகை அடித்த கழிப்பறைக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். உள்ளேயும் யாரோ அழுதார்கள். அவள் நிறுத்தியதும் அதுவும் நின்றது.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். பேர் போனால் போகட்டும், அப்பாவிடம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். புள்ளி போகக் கூடாது. அது அங்கேதான் இருக்கிறது, அவள் கண்ணால் பார்த்தாள். சோதனையாக எழுந்து நின்று, அது இந்த இடம் என்று ஒரே ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால், தேர்வாளர் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் யாரும் அழிக்க முடியாது.

அன்றைக்குப் பௌர்ணமி. காலை பதினோரு மணிக்கே பாதையில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. அரங்கத்தில் இயக்குநர், பதிவாளர், வெளியூர்த் தேர்வாளர், குழுக்காரர்கள் எல்லோரும் பட்டுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள், தட்டில் முந்திரியும் பிஸ்கெட்டும். காசி படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் நின்றான். மேடையில் ஒரு நாற்காலி, எதிரே மைக், பெயர்ப்பலகை. உண்ணாமலை மேடை ஏறி நாற்காலியில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள். இருக்கை சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ உட்கார்ந்த மாதிரி. அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

இயக்குநர் இரண்டு வார்த்தை பேசினார். "நான் எப்பிடிப்பட்ட மாணவிய உருவாக்கணும்னு ஆசப்பட்டனோ அப்பிடியே ஒரு மாணவி. லீவு கேட்டதில்ல. சந்தேகம் கேட்டதில்ல. எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல. எல்லாரும் இந்தப் பொண்ணு மாதிரி ஆயிட்டா இந்த நாட்டு விஞ்ஞானம் எங்கயோ போயிடும்."

"சோ. சோதனை" என்று பதிவாளர் கூப்பிட்டார்.

உண்ணாமலை வாயைத் திறந்தாள். ஆறு வருஷத்தையும் தொண்டையில் திரட்டிக்கொண்டுதான் திறந்தாள். அவள் வாயிலிருந்து சொல் வருவதற்குள் நாற்காலியிலிருந்து வந்துவிட்டது.

"உள்ளேன் ஐயா."

அவள் குரல். கீழ்பென்னாத்தூர் இழுப்பு அப்படியே இருந்தது. மைக் அதை அழகாக எடுத்துக் கொடுத்தது. அரங்கத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை, தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொன்னார். குரல் பேச ஆரம்பித்தது. அப்பாவின் நிலம், வரப்போரத்து நாலு செடி, வேர், சாறு. மல்லாட்டை என்று சொல்லிவிட்டு, வெளியூர்க்காரருக்காக வேர்க்கடலை என்று திருத்திக்கொண்டது. உண்ணாமலை திருத்தியிருந்தாலும் அப்படித்தான் திருத்தியிருப்பாள். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. திரையில் படம் வந்தது. கறுத்த குண்டுப் புள்ளி.

"இந்தப் புள்ளி மெய்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று தேர்வாளர் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் தெரியுதுங்க சார்" என்றது குரல்.

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் எழுந்து நின்று தட்டினார். உண்ணாமலைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேடையின் முன்னால் ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அது அங்க இல்ல! அது பேய்ப்புள்ளி! என் புள்ளி இங்க இருக்குது, இந்த எடத்துல, நான் பாத்தேன்! நான் உண்ணாமலை! தசரதன் பொண்ணு! உண்ணாமுலையும் நான்தான்! ரெண்டும் நான்தான்! காசி, சொல்லு காசி!"

அருணகிரி தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாது அது? எங்கயோ இரைச்சல் கேக்குதே?"

"பௌர்ணமி சார்" என்றார் புகழேந்தி. "வெளிய ஜனம் நடக்குது."

"கதவச் சாத்துங்கப்பா யாராவது. ஒரு நல்ல காரியம் நடக்கச்சொல்ல."

காசி எழுந்தான். தோள் உரசுகிற மாதிரி அவளைக் கடந்து, தலையை நிமிர்த்தாமல் நடந்துபோய், பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டான்.

"இப்ப பரவால்ல" என்றார் இயக்குநர்.

உண்ணாமலை உள்ளேதான் கத்திக்கொண்டிருந்தாள்.